முதல் குளிருக்கு முன்: கனடா வீட்டில் காபனோரொட்சைட்டிலிருந்து தப்புவது

ஊரில் எங்கள் குசினி வீட்டை விட்டுத் தள்ளித் தனியாக நின்றது. ஓட்டுக் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. தென்னம்பாளையும் பனைமட்டையும் எரிகிற அடுப்பு. புகை கண்ணைக் கரித்தாலும் எப்படியோ வெளியே போய்விடும். நெருப்போடு எப்படிப் பழகுவது என்று நாம் கற்றுக்கொண்டது அப்படிப்பட்ட குசினிகளில்தான். இங்கே நவம்பரில் மூடிய ஜன்னலை ஏப்ரலில்தான் திறக்கிறோம். சூடு வெளியே போகக் கூடாது என்பதற்காகவே இறுக்கிக் கட்டிய வீடுகள் இவை. அந்த மூடிய வீட்டுக்குள்ளேயே ஒரு நெருப்பு இரவு பகலாக எரிகிறது. ஃபர்னஸ் என்ற பெட்டிக்குள் இருப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

நான் வந்த முதல் குளிர்காலம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், நிலத்தடித் தளமான ஒரு பேஸ்மென்டில் கழிந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, நிமிடத்துக்கு ஒரு தடவை 'கீக்' என்று சத்தம் போடும். மூன்றாம் நாள் பொறுமை போய், பற்றரியைக் கழற்றிப் பெட்டியை அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்த ஐந்து மாதம் நாங்கள் மூன்று பேர் ஃபர்னஸ் அறைக்கு அடுத்த அறையில் அப்படியே படுத்து எழும்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. நான் கழற்றியது காபனோரொட்சைட்டு வாயு வந்தால் எச்சரிக்கிற அலார்ம் என்று பிறகு தெரிந்தபோது வயிறு கலங்கியது. புதிதாக வருகிற ஒருவரும் அதே வேலையைச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அறிந்தது ஒன்ராறியோ. மற்ற மாகாணங்களில் சட்டம் கொஞ்சம் மாறும், வாயு மாறாது.

இது என்ன வாயு

இலங்கைப் பாடப்புத்தகத்தில் காபனோரொட்சைட்டு. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குக் கார்பன் மோனாக்சைடு. இங்கே எல்லோரும் 'சி.ஓ.' என்பார்கள். காஸ், பெற்றோல், விறகு, கரி என்று எதுவும் போதிய காற்று இல்லாமல் அரைகுறையாக எரியும்போது இது உண்டாகும். நிறமில்லை, மணமில்லை, கண்ணோ தொண்டையோ எரியாது.

இங்கே பலர் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. "காஸ் மணந்தால் தெரியும்தானே" என்பார்கள். குழாயில் வருகிற காஸுக்கு அழுகிய முட்டை போன்ற மணத்தை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள். அந்த மணம் வந்தால் காஸ் எரியாமல் கசிகிறது என்று பொருள். காஸ் எரிந்த பிறகு உண்டாகும் சி.ஓ.வில் அந்த மணம் இருக்காது. ஆகவே மூக்கை நம்ப முடியாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான்: ஒட்சிசனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு சி.ஓ. ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. மூச்சு நன்றாகத்தான் போய் வரும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் போதாது. தூக்கத்தில் இருப்பவர் எழும்பாமலே போய்விடுவது இப்படித்தான்.

குடிபுகும் நாளிலேயே: அலார்ம்

பெட்டிகளைப் பிரிக்கும் முன் வீடு முழுக்க நடந்து, சி.ஓ. அலார்ம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கூரையில் இருக்கிற வட்டப் பெட்டி எல்லாமே சி.ஓ. அலார்ம் அல்ல. பல, புகைக்கு மட்டுமானவை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவையும் உண்டு. பெட்டியின் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள்.

ஒன்ராறியோவில் இதற்குச் சட்டம் வந்ததற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சாவு இருக்கிறது. 2008 டிசம்பரில் வுட்ஸ்டாக் நகரத்தில் மாகாணப் பொலிஸில் வேலை செய்த ஒரு தாய், அவருடைய கணவர், இரண்டு பிள்ளைகள் என்று நால்வரும் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். காஸ் கணப்பின் புகைப்போக்கி அடைபட்டிருந்தது. வீட்டில் சி.ஓ. அலார்ம் இல்லை. அந்தத் தாயின் நெருங்கிய உறவினரான ஜான் ஜின்யாக் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர். அவர் விடாமல் பேசி, அலைந்து, 2013இல், இறந்த குடும்பத்தின் பெயரையும் சேர்த்து, ஹாக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் நிறைவேறியது. காஸ், எண்ணெய் அல்லது விறகில் இயங்கும் சாதனமோ கணப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அலார்ம் கட்டாயம் என்றது 2014இல் நடைமுறைக்கு வந்த விதி. 2026 ஜனவரி 1 முதல், அப்படிப்பட்ட வீடுகளில் படுக்கையறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும். பேஸ்மென்டும் ஒரு தளம்தான்.

சரி, வாங்கும்போது என்ன பார்ப்பது? சி.எஸ்.ஏ. போன்ற, கனடாவில் ஏற்கப்பட்ட தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும். கனேடியன் டயர், ஹோம் டிப்போ போன்ற கடைகளில் கிடைக்கும். மாற்றத் தேவையில்லாத பற்றரி உள்ளே அடைத்து வருவதை வாங்கினால், என்னைப் போலப் பற்றரியைக் கழற்றுகிற வேலையே வராது. சுவர்ச் செருகியில் போடும் வகை என்றால், மின்சாரம் போனாலும் வேலை செய்ய உள்ளே பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள். எண்கள் காட்டும் திரை இருந்தால் நல்லது. இணையத்தில் முத்திரையில்லாமல் மலிவாக வருகிறதை வாங்காதீர்கள்.

எங்கே மாட்டுவது என்பதில் ஒரு தவறான பேச்சு உண்டு: "அது கனமான வாயு, நிலத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்." அப்படியில்லை. சி.ஓ.வின் எடை கிட்டத்தட்ட காற்றின் எடைதான், காற்றோடு கலந்து வீடு முழுக்கப் பரவும். ஆகவே உயரம் பெரிய விஷயமல்ல, பெட்டியோடு வரும் தாளில் சொன்னபடி மாட்டினால் போதும். முக்கியம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும். ஃபர்னஸுக்கும் அடுப்புக்கும் நேர் அருகில் வேண்டாம். குளியலறை வாசலிலும் வேண்டாம். திரைச்சீலைக்குப் பின்னாலோ, சோபாவுக்குப் பின்னால் இருக்கிற செருகியிலோ போட்டு மறைக்காதீர்கள்.

பிறகு பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தயாரித்த திகதியோ, மாற்ற வேண்டிய திகதியோ அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் உணரிக்கு ஏழு முதல் பத்து வருடம்தான் ஆயுள். அந்தத் திகதி தாண்டியிருந்தால், பொத்தானை அமுக்கிச் சத்தம் கேட்டாலும் நம்ப வேண்டாம். பொத்தான் சோதிப்பது சத்தத்தையும் மின்சுற்றையும், உணரியை அல்ல.

சத்தங்களைப் பழகிக்கொள்ளுங்கள்

நான்கு தரம் அடித்து, நிறுத்தி, மறுபடி நான்கு: சி.ஓ. இருக்கிறது. மூன்று மூன்றாக அடித்தால் புகை. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரே ஒரு 'கீக்' என்றால் பற்றரி இறங்கிவிட்டது, அல்லது பெட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது. எனக்கு அன்று கேட்டது அந்தக் கடைசிச் சத்தம்தான்.

பிள்ளைகளையும், ஊரிலிருந்து வந்து நிற்கிற அம்மா அப்பாவையும் கூப்பிட்டு வைத்துப் பொத்தானை அமுக்கி ஒருமுறை கேட்க வையுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருப்பவர்கள் பல வேளைகளில் அவர்கள்தான். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. எங்கள் வீட்டில் அது மாதத்தின் முதல் சனிக்கிழமை.

அலார்ம் அடித்தால்

எல்லோரும் வெளியே. ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே நின்று யோசிப்பது கூடாது. எங்கிருந்து வருகிறது என்று தேடுவதும் கூடாது. சால்வையோ கோட்டோ கையில் அகப்படுவதை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள், பெரியவர்கள், வளர்ப்புப் பிராணிகள் எல்லாரோடும் வெளியேறி, ஆட்களை எண்ணிப் பார்த்து, வெளியில் நின்று 911 என்ற அவசர இலக்கத்தை அழையுங்கள். மேல் வீட்டிலோ கீழ் வீட்டிலோ வேறு குடும்பம் இருந்தால் அவர்களுடைய கதவையும் தட்டுங்கள். ஆங்கிலம் ஓடாவிட்டால் 'டமில்' என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். தீயணைப்புப் படையினர் கருவியோடு வந்து அளந்து, "இனிப் போகலாம்" என்று சொல்லும் வரை உள்ளே போகக் கூடாது. பாஸ்போர்ட் எடுக்கவும் கூடாது.

பலருக்கு வருகிற சந்தேகம்: "ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லையே, அலார்ம் பழுதோ?" அலார்ம் அவசரப்பட்டு அடிக்கிற பொருளல்ல. காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு சி.ஓ. இருந்தால் ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடிக்கும்படியும், 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிடத்துக்குள் அடிக்கும்படியும் அதைச் செய்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கு உடம்பில் தெரியத் தொடங்கும் முன்பே எச்சரிப்பதுதான் அதன் வேலை. ஒன்றும் தெரியாதபோது அது அடித்தால், உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அலார்ம் அடிக்காமலே உடம்பு சொல்வது

தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், சத்தி, காரணமில்லாத களைப்பு. அப்படியே சளிக்காய்ச்சல் போலிருக்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. இரண்டு குறிகளை நினைவில் வைத்திருங்கள்: வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வருவது, வெளியே போனால் குறைந்து வீடு திரும்பினால் மறுபடி பிடிப்பது. "வேலைக்குப் போனால் தலையிடி போய்விடுகிறது" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு விடாதீர்கள். கர்ப்பிணிகள், வயிற்றில் இருக்கும் பிள்ளை, சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் ஆகியோரை இது மற்றவர்களை விடக் கூடுதலாகத் தாக்கும்.

கொவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி பல வீடுகளில் இருக்கிறது. இந்த விஷயத்தில் அதை நம்பவே கூடாது. சி.ஓ. ஏறிய இரத்தத்தையும் ஒட்சிசன் நிறைந்த இரத்தமாகவே அது படிக்கும். ஆள் மயங்கும் நிலையிலும் 98 காட்டலாம். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துத்தான் கண்டுபிடிப்பார்கள், ஆகவே சந்தேகம் இருந்தால் அங்கே "சி.ஓ.வாக இருக்குமோ" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் உடம்பிலுள்ள சி.ஓ. பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். முகமூடி போட்டு முழு ஒட்சிசன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் அளவில் குறையும். வெளியில் வந்து தலையிடி விட்டதும் வைத்தியம் வேண்டாம் என்று திரும்பி வராதீர்கள்.

முதல் வாரம்: ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும்

வீட்டுக்குள் எது எரிகிறது என்று கணக்கெடுங்கள். ஃபர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி, காஸ் கணப்பு, காஸ் அடுப்பு, சில வீடுகளில் உடுப்புக் காய வைக்கும் மெஷினும் காஸ்தான். ஃபர்னஸ் அறைக்குள் போய்ப் பார்ப்பதற்கு யாரும் எஞ்சினியராக இருக்க வேண்டியதில்லை. சுவாலை நீலமாக நிற்கிறதா, அல்லது மஞ்சளாக ஆடுகிறதா? பெட்டியின் மேலோ குழாயின் மூட்டிலோ கரி படிந்திருக்கிறதா? புகைக்குழாய் எங்காவது துருப்பிடித்து, கழன்று நிற்கிறதா? மஞ்சள் சுவாலையும் கரியும் கண்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும். எல்லாம் நீலமாகச் சுத்தமாகத் தெரிந்தாலும் அலார்மின் தேவை குறையாது.

நம் வீடுகளில் ஃபர்னஸ் அறை களஞ்சிய அறையாகவும் ஆகிவிடும். ஊருக்குப் போகிற சூட்கேஸ், அரிசி மூட்டை, பழைய மெத்தை எல்லாம் அங்கே ஏறும். அந்த நெருப்புக்கும் மூச்சு வேண்டும். அறைக் கதவில் இருக்கிற காற்று இடுக்குகளையும் சுவரில் இருக்கிற காற்றுத் துவாரங்களையும் "குளிர் வருகிறது" என்று துணி வைத்து அடைக்காதீர்கள். காற்று குறையும் இடத்தில்தான் அரைகுறை எரிதல் தொடங்குகிறது.

இன்னொன்று, நம் சமையலோடு நேராகச் சம்பந்தப்பட்டது. மிளகாய் வறுக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியை முழு வேகத்தில் போடுவோம். குளியலறைக் காற்றாடியும் ஓடும். ஜன்னல்கள் எல்லாம் பூட்டு. வீட்டுக் காற்றை இப்படி இழுத்து வெளியே தள்ளினால், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தோ உள்ளே வர வேண்டும். பழைய வீடுகளில் சுடுதண்ணீர்த் தாங்கியின் புகை, சூட்டில் தானாக மேலெழுந்து புகைப்போக்கி வழியாகப் போகிறது. இழுவை கூடினால் அந்தப் புகையே திரும்பி வீட்டுக்குள் இறங்கும். பலமான காற்றாடி போடும்போது ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்துவையுங்கள். காற்றாடியைப் புதிதாக, பெரிதாக மாற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் காஸ் டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

வருடம் ஒருமுறை, குளிர் தொடங்கும் முன், உரிமம் உள்ளவரைக் கொண்டு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஒன்ராறியோவில் இந்த வேலை செய்யும் நிறுவனம் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், நல்ல ஆள் முகம் சுளிக்க மாட்டார். தெரிந்தவர் மலிவாகச் செய்து தருவார் என்ற பேச்சு இந்த ஒரு வேலைக்கு வேண்டாம். கதவைத் தட்டி "உங்கள் ஃபர்னஸைப் பார்க்க வந்தோம்" என்று வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். ஃபர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி போன்றவற்றை அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து விற்பதை 2018 மார்ச்சிலிருந்து இங்கே தடைசெய்திருக்கிறார்கள்.

டெக்னீஷியன், சாதனத்தில் ஆபத்து என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டையை அதில் கட்டிவிட்டுப் போனால் கோபப்படாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் அங்கேயே காஸை நிறுத்துவார். அவ்வளவு அவசரமில்லை என்றால் திருத்த நாள் கொடுப்பார். அந்த அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குளிருக்காகத் திரும்பப் போட்டுக்கொள்வது உயிரோடு விளையாடுவது. அந்த இரவு உறவினர் வீட்டுக்குப் போங்கள்.

பனி கொட்டிய காலை

புதிய ஃபர்னஸ்களின் புகை கூரை வழியாகப் போகாது. வீட்டின் பக்கச் சுவரில், முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ வெள்ளை பிளாஸ்டிக் குழாயாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பனி விழும் முன்பே வெளியே போய்ப் பார்த்துவையுங்கள். பெரும் பனிக்குப் பிறகு வாசல் பனியை வெட்டும் முன் அந்தக் குழாயைச் சுற்றிக் கையால் பனியை நீக்குங்கள். வழித்த பனியை அந்தப் பக்கம் குவிக்காதீர்கள்.

அடுத்தது கார். கராஜுக்குள் காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கக் கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது. கராஜுக்கு மேலேதான் பல வீடுகளில் பிள்ளைகளின் அறை. ரிமோட்டில் ஸ்டார்ட் பண்ணுகிறவர்கள் கார் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சாவி போடாமல் பொத்தானால் இயங்கும் கார்களைச் சத்தம் கேட்காததால் அணைக்க மறந்து உள்ளே வந்துவிடுவது நடக்கிற காரியம். வெளியில் நிற்கிற கார் என்றால், முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வழித்துவிட்டுத்தான் ஸ்டார்ட். "குளிருது, காருக்குள்ளே இருங்கோ" என்று பிள்ளைகளை ஏற்றிவிட்டு, ஓடுகிற காரைச் சுற்றிப் பனி வெட்டவே கூடாது. குழாய் அடைபட்டால் புகை காருக்குள்தான் வரும்.

கரியும் சாம்பிராணியும்

தணல் நன்றாகச் சிவந்து புகையில்லாமல் இருக்கும்போது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கரித் தணல்தான் சி.ஓ.வை அதிகம் விடுகிற பொருள்களில் ஒன்று. புகை இல்லை என்பதால் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். குடிபூரலுக்கு ஓமம் வளர்ப்பதும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுவதும், பிள்ளை பெற்ற வீட்டில் தலைக்குப் புகை பிடிப்பதும் நம் பழக்கம். செய்ய வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்துவைத்து, கொஞ்சத் தணலோடு, சிறிது நேரம் காட்டுங்கள். முடிந்ததும் சட்டியை வீட்டுக்குள் ஆற விடாமல் வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். குழந்தை படுக்கும் மூடிய அறைக்குள் தணல் சட்டி வைக்கவே வேண்டாம். அலார்ம் அடிக்கும் என்று அதை முன்கூட்டியே துணியால் சுற்றி வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பார்பிக்யூ எப்போதும் வெளியில்தான். மழை, பனி என்று கராஜுக்குள் இழுத்துவைத்து இறைச்சி வாட்டுவதற்கு எந்த விதிவிலக்கும் இல்லை.

மின்சாரம் போன இரவு

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிக்கட்டி மழை பெய்து மரங்கள் முறிந்து விழுந்தபோது, ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டாயின. சிலருக்கு நத்தார் கழிந்தும் வரவில்லை. குளிர் தாங்காமல் சனம் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் வைத்தது. சி.ஓ. அழைப்புகள் தீயணைப்புப் படைக்குக் குவிந்தன, ஒன்ராறியோவில் ஆட்கள் இறந்தார்கள். 1998இன் பெரிய பனிக்கட்டிப் புயலிலும் இதேதான் நடந்தது.

ஆகவே அந்த இரவுக்கு முன்கூட்டியே முடிவு எடுத்துவையுங்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி, கதவு ஜன்னல்களை நோக்காமல் நிற்க வேண்டும். காஸ் அடுப்பையோ காஸ் ஓவனையோ திறந்துவைத்து வீட்டைச் சூடாக்கக் கூடாது. முகாமுக்குக் கொண்டுபோகும் சின்ன காஸ் அடுப்பு உள்ளே வேண்டாம். எல்லோரும் ஒரே அறையில் போர்வைகளோடு படுங்கள். தாங்காவிட்டால் நகரசபை திறக்கும் சூடேற்றும் நிலையத்துக்கோ, மின்சாரம் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கோ போங்கள். சாமத்தில் கதவைத் தட்டுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு

அலார்மை வாங்கிப் பொருத்துவதும், வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. வருடம் ஒருமுறையும், ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் அவர் சோதிக்க வேண்டும். அதைக் கழற்றாமல் இருப்பதும், பழுதானால் உடனே அறிவிப்பதும் நம் பொறுப்பு. அடுக்குமாடியில் கொதிகலன் அறைக்கோ கராஜுக்கோ ஒட்டிய வீடு என்றால், உங்கள் வீட்டுக்குள் எதுவும் எரியாவிட்டாலும் அலார்ம் வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு வீட்டுக்காரரோடு முரண்படப் பயம். அவர் நம் ஆளாகவும் இருப்பார், "அண்ணை" என்று கூப்பிட்டுப் பழகியிருப்போம். சண்டை பிடிக்கத் தேவையில்லை. "அண்ணை, பேஸ்மென்டில் சி.ஓ. அலார்ம் இல்லை, இந்தக் கிழமைக்குள் போட்டுத் தாங்கோ" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், வாயால் மட்டும் சொல்லாமல். அனுப்பிவிட்டு அன்றைக்கே ஐம்பது டொலரோ என்னவோ கொடுத்து ஒன்றை நீங்களே வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். காசைப் பிறகு பேசலாம். கிழமை கழிந்தும் பதில் இல்லையென்றால் ரொறன்ரோவில் நகரசபையின் 311ஐ அழைத்துத் தீப் பாதுகாப்பு முறைப்பாடு என்று சொல்லுங்கள். வேறு நகரம் என்றால் அங்கத்தைய தீயணைப்பு நிலையத்தின் அவசரமில்லாத இலக்கத்தை அழையுங்கள். வந்து பார்ப்பார்கள்.